சபை கெட்டுப்போனால் தேவதயவு எங்கே கிடைக்கும்? – கேள்வி பதில்

ஆயர் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஈரோட்டில் இருக்கிறேன். சபையும் ஊழியரும் வழிதவறும்போது விசுவாசி தேவனுடைய தயவைத் தேடுவது எப்படி என்று என் வேதபாட வகுப்பில் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. முன்கூட்டியே இரண்டு விஷயம். எந்த ஆயர் பெயரும் எந்தச் சபையின் பெயரும் இங்கே வராது. உங்கள் கேள்விகளில் இருந்த பெயர்களையும் எடுத்துவிட்டேன். அடுத்தது, ஜெபத்துக்கு என்று யாருக்கும் ஜிபே பண்ணாதீர்கள்.

தாராபுரம், ஒரு சகோதரி: ஸ்தோத்திரமுங்க ஐயா. எங்க சபையில ரெண்டு கோஷ்டிங்க. போன மாசம் ஆராதனை முடிஞ்சு வாசல்லயே அடிதடி, போலீஸ் வந்துருச்சு. இந்த மாதிரி எடத்துல முழங்கால் போட்டா என் ஜெபம் கேக்கப்படுமுங்களா? பையன் வேலைக்காக உபவாசம் இருக்கறனுங்க.

கேட்கப்படும், அம்மணி. ஒன்று சாமுவேல் முதல் இரண்டு அதிகாரங்களை இன்று ராத்திரியே வாசியுங்கள்.

இஸ்ரவேலர் பலியிடப் போன சீலோவில் அப்போது ஆசாரியர்கள் யார்? ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும். பலியிட வந்தவர்களின் இறைச்சி வெந்துகொண்டிருக்கும்போதே அவர்களுடைய வேலைக்காரன் மூன்று கூறுள்ள ஆயுதத்தோடு வந்து நிற்பான். சட்டியில் குத்துவான், அதில் மாட்டிக்கொண்டு வருவதெல்லாம் ஆசாரியனுக்கு. கொழுப்பைத் தகனிப்பதற்கு முன்பே பச்சையாய்க் கொடு என்பான், மறுத்தால் பலவந்தமாய் எடுத்துக்கொள்வேன் என்பான். ஆசரிப்புக் கூடாரத்து வாசலில் கூடின பெண்களிடம் அந்த மகன்கள் நடந்துகொண்ட விதமும் எழுதியிருக்கிறது. ஜனங்களுக்குக் காணிக்கை என்றாலே வெறுப்பு வந்துவிட்டது.

பிள்ளையில்லாத அன்னாள் வருஷாவருஷம் போய் அழுதது அந்த இடத்தில்தான். அவள் உதடு மட்டும் அசைவதைப் பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்று நினைத்தார் ஏலி. ஜெபத்தை அடையாளம் காணத் தெரியாத நிலைக்கு ஆசாரியரே வந்துவிட்டார், கர்த்தருக்குத் தெரிந்தது. அவள் கேட்ட பிள்ளை கிடைத்தது, அதுதான் சாமுவேல். அந்தப் பிள்ளை அதே சீலோவில், அதே ஏலியின் பார்வையில் வளர்ந்தது. ஏலியின் வீட்டுக்கு வரப்போகிற நியாயத்தீர்ப்பை ஏலியிடமே சொல்ல வேண்டிய பொறுப்பும் அந்தச் சிறுவனுக்குத்தான் வந்தது.

உங்கள் சபை நன்றாக இருந்த நாட்களிலும் அதன் யோக்கியதையைப் பார்த்து தேவன் உங்களுக்குச் செவிகொடுக்கவில்லை. இப்போது அது கெட்டிருப்பதால் உங்களைத் தள்ளிவிடவும் மாட்டார். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிட முடியாது. உடன்படிக்கைப் பெட்டி கூட இருந்தால் போதும் என்று மூப்பர்கள் அதைப் போர்க்களத்துக்கு வரவழைத்தார்கள், அதே ஓப்னியும் பினெகாசும் அதோடு இருந்தார்கள். 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பறிபோயிற்று.

எசேக்கியேல் 9-ஐயும் சேர்த்துப் படியுங்கள். எருசலேமின் அருவருப்புகளைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் போடச் சொல்கிறார் கர்த்தர். தண்டனையை என் பரிசுத்த ஸ்தலத்திலே துவக்குங்கள் என்றும் அங்கேதான் சொல்கிறார். உங்கள் அழுகை வீண் இல்லை. சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் வேண்டாம்.

திருப்பூர், பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பி: யூடியூப்ல ஒரு தீர்க்கதரிசி, 5,000 ரூபா விதைச்சா கடன் தீரும்னு சொல்றார். எங்க சபை சரியில்ல, அதனால அவருக்கு அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். அந்த 5,000-ஐக் கடனிலேயே கட்டுங்கள். குஷ்டம் நீங்கிய நாகமானிடம் தீர்க்கதரிசி எலிசா எதுவும் வாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய் வாங்கின அவருடைய வேலைக்காரன் கேயாசி குஷ்டரோகியானான்.

சென்னிமலை, கைத்தறி நெசவாளர் ஒருவர்: எங்க ஆயர் மேல பணக் குற்றச்சாட்டு நிரூபணமே ஆயிருச்சுங்க. இன்னும் மாத்தலை. அவர் கையால திருவிருந்து வாங்கறது செல்லுமுங்களா? பேரனுக்கு ஞானஸ்நானம் குடுத்ததும் அவர்தான்.

செல்லும். சபை இதே கேள்விக்காக நூறு வருஷத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறது. 303-ல் ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் தொடங்கிய உபத்திரவத்தில், உயிருக்குப் பயந்து வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஊழியர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்டவர் கை வைத்து ஏற்படுத்திய பேராயரும் செல்லாது, அவர் கொடுத்த ஞானஸ்நானமும் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் ஒரு கூட்டம் பிரிந்து போனது. தொனாத்து என்பவரின் பெயரால் அவர்களை தொனாத்தியர் என்பார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. காட்டிக்கொடுத்தவனிடம் போய்க் கை நீட்ட யாருக்கு மனம் வரும்? ஆனால் அதே வட ஆப்பிரிக்காவில் பேராயராக இருந்த அகஸ்தீன் மறுத்தார். ஞானஸ்நானம் கொடுக்கிறவர் கிறிஸ்து, ஊழியன் வெறும் கல் வாய்க்கால், தண்ணீர் அதன் வழியே பாத்திக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்றார். 411-ல் கார்த்தேஜில் இரு தரப்புப் பேராயர்களும் கூடி வாதாடினார்கள்; அகஸ்தீன் பக்கம் தீர்ப்பானது. பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் 26-வதும் இதையே சொல்கிறது: ஊழியனின் தகுதியின்மை திருவிருந்தின் பலனைத் தடுக்காது, ஆனாலும் அப்படிப்பட்டவனை விசாரித்து நீக்க வேண்டும். இந்தப் பின்பாதியைத்தான் நம் ஆட்கள் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள்.

பேரனின் ஞானஸ்நானத்தை நினைத்துக் கலங்காதீர்கள். காலிங்கராயன் வாய்க்காலில் கரை எவ்வளவு சிதைந்திருந்தாலும் வருவது பவானித் தண்ணீர்தான்.

ஒரத்துப்பாளையம் பக்கம், ஒரு விவசாயி: ஐயா, வாய்க்கால் கணக்கு சொல்றீங்க. எங்க நொய்யல்ல சாயத்தண்ணி வந்து அணையே நாறிப் போச்சுங்களே. தண்ணி வருதுன்னு அதைப் பாய்ச்ச முடியுமா?

முடியாது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயக்கழிவைத் தேக்கி வைக்கும் இடமாகிப்போனதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். கரை சிதைவது வேறு, தண்ணீரே கெடுவது வேறு. ஆயரின் நடத்தை கெட்டிருந்தும் பிரசங்க பீடத்தில் கிறிஸ்துவின் சுவிசேஷம் ஒலிக்கிறது என்றால், இருந்து போராடலாம். இயேசுவும் பரிசேயர் விஷயத்தில் அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள், செய்வதைச் செய்யாதீர்கள் என்றார். ஆனால் பாவமன்னிப்புக்கு விலை வைத்தாலும், இயேசு இருக்க வேண்டிய இடத்தில் ஊழியரின் படம் தொங்கினாலும், 'நான் ஜெபித்தால்தான் நடக்கும்' என்று ஒருவர் சொன்னாலும், அது வேறு சுவிசேஷம். கலாத்தியர் 1-ல் பவுல், வானத்திலிருந்து தூதனே வந்து அப்படிப் பிரசங்கித்தாலும் சபிக்கப்பட்டவன் என்கிறார். அங்கே இருக்காதீர்கள்.

பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், சேலம், இன்னும் சிலர்: சபையை மாத்தலாமா?

மேலே இருக்கும் பதிலைப் படியுங்கள். மாறினாலும் ஏதோ ஒரு சபையில் இருங்கள். வீட்டில் டிவியைப் போட்டுவிட்டு அதைச் சபை என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கோபி, ஒரு ஆசிரியை: தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) நிறுத்தினால் மல்கியா 3-ன்படி சாபம் வரும் என்கிறார்கள். கணக்கு கேட்டால் பதில் இல்லை.

மல்கியாவை மூன்றாம் அதிகாரத்தில் தொடங்கி வாசிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. முதல் இரண்டு அதிகாரங்களில் கடிந்துகொள்ளப்படுகிறவர்கள் ஆசாரியர்கள். 'உங்கள் ஆசீர்வாதங்களைச் சாபமாக்குவேன்' என்று கர்த்தர் அவர்களிடம்தான் சொல்கிறார்.

கணக்குக்கு 2 இராஜாக்கள் 12. ஆலயத்தைப் பழுதுபார்க்க யோவாஸ் ராஜா பணம் ஒதுக்கினான். அவனுடைய 23-ம் வருஷம் வரைக்கும் ஆசாரியர்கள் ஒரு விரிசலைக்கூட அடைக்கவில்லை. பிறகு ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்தின் அருகே வைத்தான். பெட்டி நிரம்பினால் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தர்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணி, தச்சருக்கும் கொத்தருக்கும் கூலி கொடுப்பவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். ஒருவர் தனியாக எண்ணக்கூடாது என்பது அவ்வளவு பழைய ஒழுங்கு. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது பவுலும், யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரைத் தீத்துவோடு அனுப்பினார்.

காணிக்கையை நிறுத்துவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். தனியாக வேண்டாம், நாலைந்து குடும்பமாகக் கையெழுத்துப் போட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள். சபை சொசைட்டியாகப் பதிவாகியிருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் அது கணக்கு ஒப்புவித்தே ஆக வேண்டும். பதில் வரும் வரை உங்கள் காணிக்கையை அதே ஊரில் இருக்கும் விதவைகளுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் கொடுங்கள். சாபம் வராது.

காங்கேயம், ஒரு சகோதரர்: நீங்க ஜனங்களை ஊழியக்காரருக்கு எதிரா தூண்டி விடறீங்க. அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதேன்னு வேதம் சொல்லுது. தாவீது சவுலைத் தொட்டாரா?

தொடவில்லை. வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. என்கேதிக் குகையில் சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே தாவீதின் மனம் அடித்துக்கொண்டது. அப்படியும் வெளியே வந்து, 3,000 பேரோடு தன்னைக் கொல்லத் தேடி வந்த அந்த ராஜாவைக் கூப்பிட்டு, கர்த்தர் உமக்கும் எனக்கும் நடுநின்று நியாயம் தீர்ப்பாராக என்று சொன்னார். கத்தியை எடுக்கவில்லை, நியாயத்தைப் பேசினார். நான் கேட்கிறதும் அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன வசனம் சங்கீதம் 105-ல் இருக்கிறது. அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். சொந்த மண் இல்லாமல் ஊர் ஊராய் அலைந்த கொஞ்சப் பேர். தொடாதே என்று எச்சரிக்கப்படுகிறவர்கள் ராஜாக்கள். பலவீனரைக் காக்க வந்த வசனத்தை எடுத்துப் பலமுள்ளவருக்குக் கேடயமாக மாட்டுகிறோம். 1 யோவான் 2-ன்படி அபிஷேகம் விசுவாசிகள் எல்லாருக்கும் உண்டு. சபையில் காணிக்கை போடுகிற ஏழை விதவையும் அபிஷேகம் பெற்றவள்தான், அண்ணா. அவளைத் தொடலாமா?

அதே சகோதரர்: மோசேயைப் பேசின அவர் அக்கா மிரியாமுக்குக் குஷ்டம் வந்துதே?

வந்தது. மோசேயின் மேல் பணக் குற்றச்சாட்டு இல்லையே. அவருக்கு எதிராக எழுந்த கோராகின் கலகத்தில் அவரே, இவர்களிடத்தில் ஒரு கழுதையைக்கூட நான் எடுக்கவில்லை என்று தேவனிடம் சொல்கிறார். சாமுவேல் இன்னும் ஒருபடி மேலே போய், முதிர்ந்த வயதில் ராஜாவையும் ஜனங்களையும் முன்னால் நிறுத்தி, யாருடைய எருதை எடுத்தேன், யார் கையில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்றார். அபிஷேகம் உண்மையாக இருக்கிற இடத்தில் கணக்கு திறந்து கிடக்கும். மிரியாமுக்காக ஜெபித்ததும் மோசேதான். நம் ஆட்கள் எதிர்த்துப் பேசினவன் குடும்பத்துக்குச் சாபம் சொல்கிறார்கள்.

கரூர், ஒரு தம்பி: சரியா சொன்னீங்க ஐயா. எங்க பாஸ்டரைப் பத்தி ஒரு வாய்ஸ் நோட் இருக்கு, இங்க போடட்டுமா?

போடக் கூடாது. இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை ஏற்காதே என்று 1 தீமோத்தேயு 5 சொல்கிறது. அடுத்த வசனமே பாவம் செய்தவர்களை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொள் என்கிறது. இரண்டையும் சேர்த்தே பிடியுங்கள். யார் பேசினது என்றே தெரியாத வாய்ஸ் நோட்டைப் பரப்புவது பொய்ச்சாட்சி.

மறுபடியும் காங்கேயம்: நீங்களும் ஊழியக்காரர்தானே. உங்க கணக்கைக் காட்டுவீங்களா?

காட்டுவேன். நான் ஆயராக இருந்த சேகரங்களின் (சபை வட்டாரங்களின்) கணக்குகள் ஆடிட் ஆகி சேகர ஆபீசுகளில் இருக்கின்றன. போய்க் கேட்டுப் பாருங்கள், அண்ணா. இந்த வேதபாட வகுப்புக்குக் காணிக்கை எடுப்பதில்லை. எலிசாவையும் கரடிகளையும் பற்றி நீங்கள் அனுப்பிய அடுத்த கேள்விக்கு நேரில் பேசுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய்: வாலிபர் கூட்டம் நடத்துபவர் என் 15 வயது மகளிடம் தவறாக நடந்துகொண்டார். சபைக்கு அவப்பெயர் வரும், ஜெபத்தில் வையுங்கள் என்கிறார்கள்.

கண்ணு, இதைக் கமிட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம். இன்றே 1098-க்கு போன் பண்ணுங்கள், அல்லது மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். இது 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டத்தில் வரும் குற்றம். தெரிந்தும் சொல்லாமல் மறைப்பது அந்தச் சட்டத்தில் தனிக் குற்றம். உங்களை அமைதியாக இருக்கச் சொன்னவர்களுக்கும் இது பொருந்தும். ஏலி மகன்களைக் கண்டித்தார், ஆனால் தடுக்கவில்லை. தேவன் அவர் மேல் வைத்த குற்றமே அதுதான். மகளிடம், உன் மேல் தப்பு இல்லை என்று தினமும் சொல்லுங்கள். எனக்குத் தனியாகவும் எழுதுங்கள், உடன் வருகிறேன்.

கோவை, ஒரு பெரியவர்: சபைச் சொத்தை விற்கப் பார்க்கிறார்கள். கேஸ் போடலாமா?

வக்கீலைப் பாருங்கள். பொது அறக்கட்டளைச் சொத்து என்றால் அதில் அக்கறையுள்ள இரண்டு பேர் கோர்ட் அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவில் வழக்குத் தொடரலாம். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் கோர்ட்டுக்குப் போவதைக் குறித்து 1 கொரிந்தியர் 6 சொல்வதையும் யோசித்துவிட்டு, வேறு வழியே இல்லாதபோது போங்கள்.

திருப்பூர், வேறொரு தம்பி: அந்த தீர்க்கதரிசி 2,000 அனுப்பினாலும் போதும்கிறார்.

வேண்டாம், சாமி. 1 ரூபாயும் வேண்டாம்.

சத்தியமங்கலம், ஒரு அக்கா: சபை ரெண்டா பிரிஞ்சு போச்சுங்க. தை மாசம் பொண்ணு கல்யாணம். புதுசா வந்த பாஸ்டர் நடத்தி வெச்சா செல்லுமுங்களா?

அவரிடம் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872-ன் கீழ் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். பேராயர் கை வைத்து அபிஷேகம் பெற்ற ஆயருக்கு அது தேவையில்லை. சுயாதீன சபைப் பாஸ்டருக்குக் கட்டாயம் தேவை. கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள், லைசென்ஸ் நகலை வாங்கிப் பாருங்கள். இல்லை என்றால் திருமணப் பதிவாளரிடம் முடித்துவிட்டு, ஆலயத்தில் ஆசீர்வாத ஆராதனை வைத்துக்கொள்ளலாம். நம் சபைகளில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், ஆகவே மார்கழிக்குள்ளேயே யாரிடம் என்று முடிவு செய்துவிடுங்கள்.