பழைய கணினி முதல் வீட்டு சர்வர் வரை: லினக்ஸ் கேள்வி பதில்

ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். 'எந்த டிஸ்ட்ரோ சிறந்தது?' என்று கேட்டவர்கள்தான் அதிகம். டிஸ்ட்ரோ என்பது நிறுவத் தயாராகத் தொகுத்துத் தரும் லினக்ஸ். உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா என எதை எடுத்தாலும் குடி முழுகிப்போகாது. பேக்கப் இல்லாமல் இறங்கினால்தான் முழுகும். இனி மற்ற கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: என் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. 4 ஜிபி ரேம்தான். லினக்ஸ் போட்டால் வேகமாகிவிடுமா சார்?

பதில்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் இப்போது பலருக்கும் இதே சிக்கல்தான். 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் லினக்ஸுக்குத் தேவையில்லை. மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டுப் பாருங்கள். ஆனால் ரேமை அதிகம் தின்பது பிரௌசர். இருபது டேப் திறந்து வைத்தால் எந்த டிஸ்ட்ரோவும் திணறத்தான் செய்யும். இன்னும் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால், அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

இறக்கிய லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவும் வட்டின் முழுப் பிரதி) பென் டிரைவில் சும்மா காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ், எட்சர் மாதிரி ஒரு கருவியால் எழுத வேண்டும். அப்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். இன்ஸ்டால் பொத்தானை அழுத்தும் முன் லைவ் முறையிலேயே (நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே) கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்கின்றனவா, கணினியைத் தூங்க வைத்தால் திரும்ப எழுகிறதா என்று பாருங்கள். அந்தக் கடைசிச் சோதனையைத்தான் பலரும் செய்வதில்லை, பிறகு புலம்புகிறார்கள்.

கேள்வி: விண்டோஸும் உபுண்டுவும் ஒரே கணினியில் வைத்திருக்கிறேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டுகிறது. விண்டோஸ் டிரைவில் எதையும் சேமிக்கவும் முடியவில்லை. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை, இரண்டுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுகிறது என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸோ அதை யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று எடுத்துக்கொள்ளும். ஆளுக்கொரு பக்கம் திருத்துவதால் வரும் குழப்பம் இது. ஏதாவது ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்றினால் போதும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையிலேயே அதற்கு வழி உண்டு.

இரண்டாவது, விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, பாதி உறக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் டிரைவில் எழுதினால் கோப்புகள் கெட்டுப்போகலாம் என்று லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கிறது. விண்டோஸின் பவர் அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்துங்கள்.

கேள்வி: இரண்டையும் சேர்த்து வைக்க நானும் நினைத்திருக்கிறேன். முன்கூட்டியே ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் மீட்புச் சாவியை எழுதி வேறிடத்தில் வைத்துவிட்டுத்தான் பயாஸ் (கணினி துவங்கும்போதே வரும் அமைப்புத் திரை) பக்கம் போக வேண்டும். அங்கே செக்யூர் பூட்டை (நம்பகமான நிரலை மட்டும் துவக்க விடும் அமைப்பு) மாற்றியதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டு நின்றுவிடலாம். சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: சர்வரில் ரேம் எப்போதும் நிரம்பியே இருக்கிறது. வேறு எதுவும் ஓடவில்லை. ரேம் கூட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 'ஃப்ரீ' கட்டளையில் 'ஃப்ரீ' பத்தியைப் பார்க்காமல் 'அவைலபிள்' பத்தியைப் பாருங்கள். சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் கோப்புகளை கேஷாக, அதாவது வேகத்துக்கான தற்காலிகப் பிரதியாக, வைத்துக்கொள்ளும், தேவை வந்தால் விட்டுக்கொடுத்துவிடும்.

கேள்வி: அண்ணா, பழைய லேப்டாப்பை வீட்டு சர்வர் ஆக்கினேன். மூடியை மூடினால் சர்வர் நின்றுவிடுகிறது. அப்புறம், வெளியிலிருந்து வருவதற்காக ரவுட்டரில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) போர்ட்டைத் திறந்தேன். லாகைப் பார்த்தால் யார் யாரோ ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) பெயரில் நுழையப் பார்க்கிறார்கள்!

பதில்: மூடி விஷயம் எளிது. லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின்ட் அமைப்புக் கோப்பில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' என்ற வரி இருக்கும். அதன் மதிப்பை 'இக்னோர்' ஆக்கிவிட்டு மறுபடி துவக்குங்கள். மின்சாரம் போனால் லேப்டாப்பின் பேட்டரி கைகொடுக்கும், ஆனால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். உப்பியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

லாகில் இருப்பவர்கள் உங்களைக் குறிவைத்து வந்தவர்கள் இல்லை தம்பி. திறந்த போர்ட்டைத் தேடி இணையம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும் நிரல்கள் அவை. சாவி ஜோடி (ஒன்றுக்கொன்று பொருந்தும் இரு கோப்புகள்) ஒன்று உருவாக்கி, பொதுச்சாவியை சர்வரில் வையுங்கள். சாவியால் நுழைய முடிகிறது என்று பார்த்த பிறகு பாஸ்வேர்டு நுழைவையும் ரூட் நுழைவையும் நிறுத்துங்கள். மாற்றும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடிவிடாதீர்கள். இரண்டாவது ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்துவிட்டு மூடுங்கள். தொலைவிலிருந்து மாற்றுகிறவர்கள் இதை மறந்தால் வெளியே பூட்டப்பட்டு நிற்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் எஸ்எஸ்எச் போர்ட்டையே மூடிவிட்டு வயர்கார்ட் என்ற விபிஎன் (வீட்டுக்கு ஒரு ரகசியப் பாதை) போடச் சொல்வேன். 2020-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து அது லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. சரியான சாவி இல்லாதவனுக்கு அது பதிலே சொல்லாது, அதனால் போர்ட் திறந்திருப்பதே வெளியே தெரியாது.

கேள்வி: மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்றால், அதில் யார் வேண்டுமானாலும் விஷம் கலக்கலாமே?

பதில்: முயன்றிருக்கிறார்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக நுழையும் வழி) இருப்பது 2024 மார்ச்சில் வெளிவந்தது. நீண்ட காலம் உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் பெயரில்தான் அது உள்ளே வந்தது. எஸ்எஸ்எச் நுழைவு ஏனோ அரை வினாடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டு, ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டித் துருவியதில் பிடிபட்டது. டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அது போய்விட்டது, 'ஸ்டேபிள்' என்ற நிலையான பதிப்புக்கு வரவில்லை. மூலநிரல் கையில் இருந்ததால்தான் அவரால் வேர் வரை போக முடிந்தது, ஆனாலும் அவர் கண்ணில் பட்டதில் அதிர்ஷ்டமும் உண்டு. சர்வருக்குப் புத்தம்புதுப் பதிப்புகள் வேண்டாம், ஸ்டேபிள் போதும் என்று நான் சொல்வது இதனால்தான். பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் தானாக வரும்படி வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சர்வரில் இன்னும் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய டிஸ்ட்ரோவை ஓட்டுகிறோம்...

பதில்: அதன் ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்துவிட்டது. அதன் மேலேயே ஒட்டுப் போடாதீர்கள். பக்கத்தில் ஆல்மா அல்லது ராக்கி லினக்ஸில் புது சர்வர் எழுப்பி, எல்லாவற்றையும் அங்கே மாற்றிச் சோதித்த பிறகு பழையதை அணையுங்கள்.

கேள்வி: இரண்டு டிஸ்க்கை ரெய்டு 1-இல் (இரண்டிலும் ஒரே தரவு எழுதப்படும் முறை) போட்டிருக்கிறேன். தனியாக பேக்கப் வேண்டுமா?

பதில்: வேண்டும். ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். நீங்களே படக் கோப்புறையை அழித்துவிட்டால் இரண்டிலும் அந்த நொடியே அழியும். கோப்புகளைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க்கில் 'டெலீட்' விருப்பம் போட்டு ஓட்டினாலும் இதே கதைதான், அடுத்த ஓட்டத்தில் பேக்கப்பிலிருந்தும் படங்கள் போய்விடும். போர்க் அல்லது ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரலை வைத்துப் பழைய நாட்களின் பிரதிகளையும் சேமியுங்கள், ஒரு பிரதியாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். இந்த வாரமே பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் பிழைச் செய்தியை அப்படியே அனுப்புங்கள், பார்க்கலாம்.