தஜிகிஸ்தான் வேட்டை – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. தாத்தா காலத்தில் துப்பாக்கி, வேட்டை நாய் எல்லாம் உண்டு. அவர் சுட்ட காட்டெருமையின் தலை, பாடம் செய்தது, இன்னும் பங்களா கூடத்தில் மாட்டியிருக்கிறது. என் அண்ணன் மகன் ஹூஸ்டனில் வேலை செய்கிறான். ஆபீஸ் நண்பர்களோடு வேட்டைக்குப் போவது அவனுக்கு வழக்கம். "தென்னாப்பிரிக்கா, நமீபியாவுக்கு எல்லாரும் போறாங்க சித்தப்பா, நாம தஜிகிஸ்தான் போலாம், மார்க்கோ போலோ ஆடு அங்கதான்" என்று கூப்பிடுகிறான். முப்பதாயிரம் டாலருக்கு மேல் ஆகுமாம். இங்கே காட்டெருமை தோட்டத்துக்குள் வந்து செடியை மிதித்துப் போடுகிறது, பார்த்துக்கொண்டு நிற்கிறோம். சட்டம் அனுமதிக்கிற நாட்டில் போய் வேட்டையாடினால் தப்பா? அந்த நாடு அதற்கு ஏற்றதா? உங்கள் கருத்து வேண்டும். (பெயர் போட வேண்டாம்.)

– ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

ஆசைக்காக ஓர் உயிரைச் சுடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, நான் போக மாட்டேன். ஆனால் இதை மட்டும் சொல்லி உங்கள் கடிதத்தை மடித்து வைக்க மனம் வரவில்லை. காரணம், நீங்கள் கேட்டிருக்கும் அதே நாட்டில் வேட்டைப் பணம் ஒரு விலங்கை அழிவிலிருந்து மீட்டிருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை சொல்வது நேர்மையாகாது.

தஜிகிஸ்தானில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலைதான். 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்தது, அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் தொடங்கி 1997 வரை நீடித்தது. ஊரெல்லாம் துப்பாக்கி, வீடெல்லாம் பசி. கிழக்கே பாமீர் பீடபூமியில் முர்காப் என்ற ஊர், கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டர் உயரம். மரமே கிடையாது. சோவியத் காலத்தில் லாரியில் வந்துகொண்டிருந்த நிலக்கரி நின்று போனதும், ஜனங்கள் தெரெஸ்கென் என்கிற குட்டைப் புதரை வேரோடு பிடுங்கி அடுப்பெரித்தார்கள். காட்டு ஆடுகள் குளிர்காலத்தில் மேய்வதும் அந்தப் புதரைத்தான். ஆட்டையும் சுட்டுத் தின்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பனியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார்கள்?

தென்மேற்கே, ஆப்கானிஸ்தான் எல்லையில் ஓடும் பஞ்ச் நதியை ஒட்டிய செங்குத்தான மலைகளில் இருப்பது மார்க்கோர். திருகிய கொம்புள்ள காட்டு வெள்ளாடு. போர் முடிந்தபோது சில நூறுதான் மிஞ்சியிருந்தன. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பரம்பரையாக அங்கே வேட்டையாடிய குடும்பங்களே முன்வந்து மலையைப் பொறுப்பெடுத்துக் காவல் காத்தார்கள். பல ஆண்டுகள் யாருக்கும் வேட்டை கிடையாது. பிறகுதான் ஆண்டுக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில், வயதான கிடாய்களுக்கு மட்டும், வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கு அனுமதி தந்தார்கள். ஒரு கிடாய்க்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் போகிறது. காவலுக்குச் சம்பளமும் ஊருக்குப் பங்கும் அதிலிருந்து வருகின்றன. 2014-ல் எண்ணியபோது மார்க்கோர் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அதைத் தின்னும் பனிச்சிறுத்தையும் அதே மலைகளில் கேமராவில் பதிவானது. உலக அளவில் அழியும் நிலைப் பட்டியலில் இருந்த மார்க்கோரை 2015-ல் ஆபத்து குறைந்த பக்கமாக இரண்டு படி இறக்கினார்கள். அதற்குத் தஜிகிஸ்தானும் பாகிஸ்தானும் காரணம். பாகிஸ்தானில் அனுமதிக் கட்டணத்தில் நூற்றுக்கு 80 பங்கு அந்தந்த ஊருக்குப் போகிறது.

இப்போது உங்கள் அண்ணன் மகன் சொல்லும் ஆட்டுக்கு வருகிறேன். மார்க்கோ போலோ ஆடு என்கிற காட்டுச் செம்மறி இருப்பது கிழக்கே, முர்காப் பக்கம். அங்கே பெரும் பரப்புகள் கம்பெனிகளின் குத்தகையில் இருக்கின்றன. காவலாளி, டிரைவர், வழிகாட்டி என்று உள்ளூர்க்காரர் சிலருக்கு வேலை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. குத்தகை நிலத்தில் திருட்டு வேட்டை குறைவு என்பதும் உண்மை. ஆனால் எத்தனை ஆட்டைச் சுடலாம், வந்த பணத்தை யார் வைத்துக்கொள்வது என்ற முடிவு யாக் மேய்க்கிற குடும்பத்தின் கையில் இல்லை. ஒரே நாடுதான், ஒரே சட்டம்தான், ஆனாலும் மேற்கு மலைக்கும் கிழக்கு மலைக்கும் எனக்கு ஒரே மதிப்பெண் போட முடியவில்லை. "தஜிகிஸ்தான் நல்ல நாடா?" என்று கேட்டால் எந்தப் பள்ளத்தாக்கு, யார் நடத்துவது என்று திருப்பிக் கேட்பேன். நமீபியாவை எல்லாரும் போகிற இடம் என்று உங்கள் அண்ணன் மகன் ஒதுக்குகிறார் அல்லவா? 1996-ல் சட்டத்தைத் திருத்தி ஊர்க்கூட்டமைப்புகளுக்கு வனவிலங்கின் மேல் உரிமை கொடுத்த நாடு அது. புது இடம் என்பதற்காக ஒரு நாடு மேலாகிவிடாது.

கொம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மார்க்கோ போலோ கிடாயின் கொம்பை வளைவோடு அளந்தால் ஆறடியையும் எட்டும். அதன் மேல் ஆண்டுக்கொரு வளையம் விழும், அதை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். நல்ல வழிகாட்டி தொலைநோக்கியில் அந்த வளையங்களைப் பார்த்து, கிழக் கிடாய்தானா என்று உறுதி செய்த பிறகே சுடச் சொல்வார். பணம் கொடுத்தவர் பெரிய கொம்பைக் காட்டி அவசரப்படுத்தினால், இனப்பெருக்க வயதில் இருக்கும் கிடாய் போய்விடும். கனடாவில் ராம் மவுன்டன் என்ற மலையில் பெரிய கொம்புள்ள காட்டு ஆடுகளாகவே பார்த்துப் பார்த்துச் சுட்டதில், தலைமுறை போகப் போகக் கொம்பே சிறுத்துவிட்டது என்று 2003-ல் வந்த ஆய்வு காட்டியது. உங்கள் அண்ணன் மகன் போகும் கம்பெனி குறைந்தபட்ச வயது வைத்திருக்கிறதா, ஆட்டை எண்ணுவது கம்பெனியேவா வெளியாட்களா, முர்காப் ஜனங்களுக்கு எவ்வளவு பணம் எந்த வழியில் போகிறது, இதையெல்லாம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மழுப்பினால் முன்பணம் கட்ட வேண்டாம்.

உங்கள் உடம்பையும் யோசியுங்கள். ஏற்காடு 1,500 மீட்டர். அந்த ஆடு நிற்பது 4,000-க்கு மேல், வேட்டைக்காலமோ கடும் குளிரில். சேலம் வெயிலில் இருந்து நேரே போய் ஜீப்பில் ஏறி அந்த உயரத்தில் இறங்கினால் மூச்சு முட்டும், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். இடையில் தங்கித் தங்கி ஏற நாள் ஒதுக்காத பயணத் திட்டத்துக்குச் சம்மதிக்காதீர்கள். அப்புறம், தலையைச் சேலத்துக்குக் கொண்டு வந்து தாத்தாவின் காட்டெருமை பக்கத்தில் மாட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த ஆடு, காட்டு உயிர்களை நாடு விட்டு நாடு கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் சைடிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளது, நம் நாட்டின் இறக்குமதி விதிகளும் கடுமை. அமெரிக்காவுக்குக் கொண்டுபோக அண்ணன் மகனுக்கும் அந்த நாட்டின் தனி அனுமதி வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது, பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்ற வரிதான். உங்களுக்காவது தோட்டம் பெரியது. மேலே அரை ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கு ஒரு ராத்திரி நாலு காட்டெருமை இறங்கினால் அந்த வருஷ வருமானத்தில் பெரிய ஓட்டை. நம் சேர்வராயன் மலையில் வேட்டையைத் திறந்துவிடக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இது சின்ன மலை, சுற்றிலும் ஊர், இருக்கிற விலங்கும் கொஞ்சம். இங்கே அது கூடவே கூடாது. ஆனால் பஞ்ச் நதிக்கரையில் மார்க்கோர் பிழைத்தது, அது உயிரோடு இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் லாபம் என்று ஆனதால்தான். நம் மலையில் காட்டெருமையால் குடியானவனுக்கு நஷ்டம் மட்டுமே தெரிகிறது. பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு உண்டு, அது சேதம் கண்ட அந்தப் பருவத்துக்குள் அவன் கைக்கு வந்தாக வேண்டும். உங்களைப் போன்ற தோட்டக்காரர்கள் சிறு விவசாயிகளோடு சேர்ந்து நின்று கேட்டால் அதற்கு எடை கூடும். உங்களுக்குத் தமிழும் தெரியும், ஆபீஸ் நடைமுறையும் தெரியும். மனு எழுதவே தயங்குகிற குடும்பங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

மலை பார்க்கத்தான் ஆசை என்றால், மார்க்கோரைக் காக்கும் அந்தக் குடும்பங்கள் கேமராவோடு வருகிறவர்களையும் தங்கவைத்து அழைத்துப் போகிறார்கள். செலவு உங்கள் கணக்கில் ஒரு சிறு பங்குதான், பணமும் நேராக அவர்களுக்கே போகும். என்னைக் கேட்டால் அண்ணன் மகனையும் அங்கேயே கூப்பிடுங்கள்.

கூடத்தில் இருக்கும் தலைக்கு உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். காட்டெருமை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு. வாரிசாக வந்தாலும் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். காகிதம் கிடைக்கவில்லை என்றால் தள்ளிப் போடாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள். அதுவரை அதை விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம்.

அன்புடன்.