ஆங்கிலத்தின் பேக், ரோஸ்ட், கிரில் மூன்றுக்கும் கிரேக்கத்தில் ஏன் ஒரே சொல்?

அந்தச் சொல் 'ப்சீனோ'. தண்ணீரில் வேகவைப்பதும் கொதிக்கவைப்பதும் 'வ்ராசோ', சிறு தீயில் மெல்லக் கொதிக்கவிடுவது 'சிகோவ்ராசோ', எண்ணெயில் பொரிப்பது 'திகனீசோ'. இவை எளிது. குழப்பம் ப்சீனோவில்தான். ஓவனில் ரொட்டி, கரியில் இறைச்சி, இரண்டுக்கும் அதுவே. எந்தக் கருவி என்பதைவிட, பொருள் சூட்டில் பக்குவமாவதுதான் இந்தச் சொல்லுக்கு முக்கியம். நாம் கல்லில் தோசை, எண்ணெயில் வடை, தணலில் சோளக்கதிர் எல்லாவற்றையும் 'சுடுகிறோம்' அல்லவா, அதே மாதிரி. தெளிவு வேண்டுமென்றால் 'ஸ்தோ ஃபூர்னோ' (ஓவனில்), 'ஸ்தா கார்வுனா' (கரியில்) என்று சேர்த்துச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, பிரிக்கி என்ற சிறு பாத்திரத்தில் காபி போடுவதும் ப்சீனோதான்! அதைக் காபிக்கொட்டை வறுப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வறுப்பதற்கு 'கவுர்தீசோ' என்று தனிச் சொல் உண்டு.