ஒப்பந்தக் காலம் முடியுமுன் வீட்டைக் காலி செய்யலாமா?

கேள்வி: 2 ஆண்டு வாடகை ஒப்பந்தத்தில் 8 மாதங்கள் முடிந்த நிலையில், எனக்கு வேறு ஊருக்குப் பணி மாறுதல் வந்திருக்கிறது. மீதிக் காலத்துக்கு நண்பர் ஒருவரைக் குடியமர்த்திவிட்டு நான் கிளம்பலாமா?

பதில்: நண்பர் எவ்வளவு நம்பிக்கைக்குரியவராக இருந்தாலும், ஒப்பந்தத்தைப் படிக்காமல் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். 'உள்வாடகைக்கு விடக் கூடாது' என்று மட்டும் எழுதியிருந்தால், உரிமையாளர் தாமாக விலக்களித்தாலொழிய அந்த வழி இல்லை; 'உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி' என்ற சொற்களும் சேர்ந்திருந்தால், கேட்க இடமிருக்கிறது. கேட்டதற்குப் பதில் வராததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒப்புதல் கிடைத்தாலும் உள்வாடகை உங்களை விடுவிப்பதில்லை; பலரும் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். உரிமையாளரைப் பொறுத்தவரை வாடகைதாரர் நீங்கள்தான் என்பதால், நண்பர் 3 மாதம் வாடகை தராமல் போனாலும், குளியலறைக் குழாயை உடைத்தாலும், கணக்கு உங்கள் பெயரில்தான் ஏறும். முன்பணமும் அதில்தான் கரையும். ஆகவே நண்பரே உரிமையாளருடன் தம் பெயரில் புதிய ஒப்பந்தம் செய்துகொள்ள, உங்கள் ஒப்பந்தம் அதே நாளில் முடிவடைவதாக நீங்களும் உரிமையாளரும் எழுதிக் கையெழுத்திடுவதே பாதுகாப்பானது என்பேன். இன்ன தேதிக்குப் பிந்தைய வாடகைக்கு நீங்கள் பொறுப்பல்ல என்பதும், முன்பணம் எந்த நாளில் திரும்பும் என்பதும் அந்தத் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும்.

நண்பரை ஏற்க உரிமையாளர் மறுத்தால், முன்கூட்டியே விலகுவதற்கான பிரிவு உள்ளதா, காலி செய்ய முடியாத 'லாக்-இன்' காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடிந்திருந்தால் முறையான நோட்டீஸ் போதும். அதை அவர் பெற்ற தேதிக்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியொரு பிரிவே இல்லையென்றால் பேசித்தான் தீர்க்க வேண்டும்: ஓரிரு மாத வாடகையை இழப்பீடாகக் கொடுத்து விலகுவது, மீதி 16 மாதங்களையும் சுமப்பதைவிட மேல். காலியான வீட்டுக்கு வேறு ஆள் தேட உரிமையாளர் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று பல நாடுகளின் சட்டம் சொல்கிறது. எல்லா இடங்களிலும் அப்படியில்லை என்பதால், உங்கள் பகுதிச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிய பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.

'முன்பணத்தில் கழித்துக்கொள்ளட்டும்' என்று கடைசி மாதங்களின் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உரிமையாளர் சம்மதிக்காதவரை அது ஒப்பந்த மீறலே. அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயமும் அன்றோடு பலமிழந்துவிடும். வீட்டை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் மின்மீட்டர் அளவையும் படமெடுத்துக்கொண்டு, சாவியைப் பெற்றுக்கொண்டதாகத் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.