வேகமும் வாட்டும்: ப்ராசஸர் பித்துப் பிடித்த பையனின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் விட்டுப்போன நோட்டைக் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டேன். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் பாடத்தை விட்டுவிட்டு ப்ராசஸர்களை, அதாவது கணினியில் கணக்குப் போடும் சிப்புகளை, ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறானே என்று நீங்கள் கலங்கிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அந்த நோட்டில் ஒரு பக்கம் என்னை நிறுத்திவிட்டது. இடப்பக்கம்: பென்டியம் 4, 2004, 3.8 கிகாஹெர்ட்ஸ், 115 வாட். வலப்பக்கம்: கோர் 2 டுயோ இ6600, 2006, 2.4 கிகாஹெர்ட்ஸ், 65 வாட். இரண்டாவதுதான் வேகம் என்று குறித்துவிட்டு, நடுவில் சிவப்பு மையில் "எப்படி?" என்று எழுதியிருக்கிறான்.

அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ப்ராசஸர் நிறுவனங்கள் பொறியாளர்களை வேலைக்கு வைத்திருக்கின்றன.

அவனுக்கான பதிலையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், படித்துக் காட்டுங்கள். கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் கடிகாரம் எத்தனை முறை துடிக்கிறது என்பது மட்டும்தான். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பது தனிக் கணக்கு. ஒவ்வொரு கட்டளையும் படிப்படியாக நகர்ந்து முடியும் வரிசைக்குப் பைப்லைன் என்று பெயர். அந்த பென்டியம் 4-இல் அது 31 படிகள் நீளம். புரோகிராம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சிப் முன்கூட்டி ஊகித்தது தப்பிப்போனால், உள்ளே பாதியில் நிற்கும் வேலையெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து நிரப்ப வேண்டும். கோர் 2-இல் 14 படிகள்தான், அதனால் தப்பினாலும் இழப்பு குறைவு. ஒரு துடிப்பில் அது முடிக்கும் வேலையும் அதிகம். இனி மின்சாரம். சிப் இழுக்கும் மின்திறன் அதிர்வெண்ணோடு ஏறும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். கடிகாரத்தை விரட்ட வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். இரண்டையும் பத்து பத்து சதவீதம் கூட்டினால் மின்திறன் சுமார் 33 சதவீதம் கூடும். வேகமோ பத்து சதவீதத்தைத் தாண்டாது.

நோட்டில் ஒரு தப்பும் இருக்கிறது. வாட் குறைவான சிப்புக்கெல்லாம் "சிக்கனம்" என்று டிக் போட்டிருக்கிறான். நன்றாகப் படித்துவிட்டு வருகிறவர்களிடமும் இதே தப்பைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு வேலையை முதல் சிப் 90 வாட்டில் 40 நொடியில் முடிக்கிறது, இரண்டாவது 45 வாட்டில் 100 நொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாட்டை நொடியால் பெருக்கினால் செலவான மொத்த ஆற்றல் ஜூலில் வரும். முதலாவது செலவழித்தது 3,600 ஜூல், இரண்டாவது 4,500. வாட் பாதியாக இருந்தும் அதிகம் செலவழித்தது இரண்டாவதுதான். வேலையைச் சட்டென்று முடித்துவிட்டுத் தூங்கப் போகிற சிப்புக்கு இப்படி ஒரு லாபம் உண்டு. ஆனால் மடிக்கணினி பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். அப்போது எது குறைவாக இழுக்கிறது என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முடியும்.

பெட்டியில் போட்டிருக்கிற வாட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். இன்டெல் கோர் ஐ9-12900கே-வுக்கு அடிப்படை 125 வாட். முழு வேகத்தில் ஓடும்போது அதன் வரம்பு 241 வாட்.

இதில் வேலை இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. 2020-இல் ஆப்பிள் தன் எம்1 சிப்பைப் போட்டு மின்விசிறியே இல்லாத மடிக்கணினியை விற்றது. சூப்பர்கம்ப்யூட்டர்களை ஒரு வாட்டுக்கு எவ்வளவு கணக்குப் போடுகின்றன என்று வரிசைப்படுத்தும் கிரீன்500 பட்டியல் 2007 முதல் வருகிறது. சிப் வடிவமைப்பு, வடிவமைத்ததைச் சரிபார்க்கும் வெரிஃபிகேஷன், புரோகிராமைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலர், ஓட்டத்தை வேகப்படுத்தும் பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினியரிங் என்று வழிகள் பல. மின்னணுவியலோ கணினி அறிவியலோ, எதை எடுத்தாலும் டிஜிட்டல் லாஜிக்கும் கணினி அமைப்பும் ஆழமாகப் படிக்க வேண்டும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்தவர் போட்ட பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) ஸ்கோரை நோட்டில் எடுத்து எழுதுவது இந்தத் தொழில் ஆகாது. தானே அளக்கத் தெரிய வேண்டும், அளந்தது ஏன் அப்படி வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

புது மடிக்கணினி கேட்கிறான் என்றீர்கள். இப்போது வேண்டாம், வீட்டில் இருக்கிற பழையதே போதும். அதில் சி மொழியில் இரண்டு பெரிய மேட்ரிக்ஸைப் பெருக்கும் புரோகிராம் எழுதட்டும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி, வரும். உள்ளே இருக்கிற இரண்டு லூப்பையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டட்டும். விடை மாறாது, எடுக்கும் நேரம் பல மடங்கு மாறக்கூடும். நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் எண்களைத் தொட்டால் கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக நினைவகம், கைகொடுக்கும், தாவித் தாவித் தொட்டால் கொடுக்காது. ஒவ்வொன்றையும் பத்து முறை ஓட்டி, பத்து நேரத்தையும் எழுதட்டும். சார்ஜர் செருகியிருந்ததா, பின்னால் வேறு எதுவும் ஓடிக்கொண்டிருந்ததா என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். லினக்ஸ் இருந்தால் பெர்ஃப் என்ற கருவி எத்தனை முறை கேஷ் தவறியது என்றும் எண்ணிக் காட்டும்.

கணிதத்திலும் இயற்பியலிலும் மதிப்பெண் சரிந்ததுதான் எனக்கும் கவலை. அதை அவனிடம் நேராகப் பேசுகிறேன். அவன் கேட்கிற "எப்படி"க்கு விடை அந்த இரண்டு பாடத்தில்தான் இருக்கிறது என்று சொன்னால் கேட்பான் என்றே நினைக்கிறேன். நோட்டைப் பிடுங்கி வைக்காதீர்கள். வாரத்தில் இரண்டு மாலை அதற்கென்று ஒதுக்குங்கள், மற்ற நாள் பாடம். அடுத்த மாதம் வரும்போது அந்த இருபது நேரங்களையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள், உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.