போர்த் திரைப்படங்கள் இறைநம்பிக்கையையும் அறத்தையும் நேர்மையாகக் காட்டுகின்றனவா?

சில படங்கள் காட்டுகின்றன. ஆனால் பெரும்பாலான படங்களில் பக்தன் பக்கம் நியாயம் இருந்தது என்பதற்கு அவன் பெற்ற வெற்றியே சாட்சியாக நிறுத்தப்படுகிறது என்பது என் நெடுநாள் மனக்குறை.

1941-இல் வெளிவந்த 'சார்ஜென்ட் யார்க்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளையை நம்பி முதல் உலகப் போருக்குப் போகத் தயங்கிய அமெரிக்கர் ஆல்வின் யார்க், மலைமீது தனியே அமர்ந்திருக்கும்போது காற்று பைபிளின் தாள்களைப் புரட்டுகிறது, "இராயனுடையதை இராயனுக்கு" (அரசுக்கு உரியதை அரசுக்குக் கொடு) என்ற வசனம் அவர் கண்ணில் படுகிறது, மனப்போராட்டம் முடிந்துவிடுகிறது. பிறகு அவர் 132 ஜெர்மானிய வீரர்களைச் சிறைபிடித்த படையினருக்குத் தலைமை தாங்கியது வரலாறு. ஆனால் ஒரு மனிதனின் மனசாட்சி இடம் மாறும் அந்தத் தருணத்தைக் காற்றிடம் விட்டுவிட்டது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன் வந்த படம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மெல் கிப்சன் இயக்கிய 'ஹாக்சா ரிட்ஜ்' (2016) இதைவிட ஆழமானது. துப்பாக்கியைத் தொட மறுத்து, இரண்டாம் உலகப் போரில் மருத்துவ உதவியாளராக ஜப்பானின் ஒகினாவா போர்முனைக்குச் சென்ற டெஸ்மண்ட் டாஸின் கதை அது. "ஆண்டவரே, இன்னும் ஒருவரைக் காப்பாற்ற உதவும்" என்று முணுமுணுத்தபடி, காயமுற்றவர்களைக் கயிற்றில் கட்டிச் செங்குத்துப் பாறையிலிருந்து அவர் ஒவ்வொருவராக இறக்கும் காட்சிகளில் ஜெபம் என்பது கைகள் செய்யும் வேலையாகவே மாறிவிடுகிறது. அவர் காப்பாற்றியவர்கள் ஏறத்தாழ 75 பேர். ஆயினும் அவரை ஏளனம் செய்த அதே படைப்பிரிவு, ஓய்வுநாளான சனிக்கிழமையன்று அவர் ஜெபித்து முடிக்கும்வரை தாக்குதலை நிறுத்திவைத்துக் காத்திருக்கும் இடத்தில் எனக்கு ஓர் உறுத்தல் எழுந்தது. கொல்ல மறுத்தவனின் ஜெபம், கொல்லப் புறப்படுபவர்களுக்கான ஆசீர்வாதமாகிவிடுகிறது. அந்த முரணைப் படம் கண்டுகொள்ளவே இல்லை.

டெரன்ஸ் மாலிக்கின் 'எ ஹிடன் லைஃப்' (2019) இந்த வசதிகள் எதையும் எடுத்துக்கொள்ளாத படம். ஆஸ்திரியாவின் சிற்றூர் விவசாயியும் கத்தோலிக்கருமான ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர், ஹிட்லரின் படையில் போரிட மறுத்தார். டாஸைப் போலவே மருத்துவ உதவியாளராகப் பணியாற்ற அவர் முன்வந்தும், அது ஏற்கப்படவில்லை. ஆயர் (பிஷப்) தேசக் கடமையை நினைவூட்டுகிறார், ஊர் அவருடைய மனைவியை ஒதுக்குகிறது, உன் மறுப்பால் போரின் போக்கு மாறிவிடுமா என்று வெவ்வேறு குரல்கள் அவரைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. மாறவில்லை. எவரையும் அவர் காப்பாற்றவுமில்லை. 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை துண்டிக்கப்பட்டு இறந்தார். 2007-இல் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் அளித்ததைக் காட்சியாக்கி நமக்கு ஆறுதல் சொல்லவும் படம் முயலவில்லை. படம் மூன்று மணி நேரத்தை நெருங்குகிறது, சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கிறது; ஆனாலும் பலன் எதுவும் கிட்டாதபோது நம்பிக்கை எப்படியிருக்கும் என்று கேட்டதால் இதையே மூன்றிலும் நேர்மையானதாகக் கருதுகிறேன்.

'ஹாக்சா ரிட்ஜ்' தவறவிட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். படத்தின் இறுதியில் காயமுற்ற டாஸ், வானத்தில் மிதப்பவரைப் போலத் தூக்குப்படுக்கையில் இறக்கப்படுகிறார். உண்மையில் அவர் தம் தூக்குப்படுக்கையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார். அதன்பின் குண்டு பாய்ந்து அவருடைய கை எலும்பு நொறுங்கியது. கைக்கு அணைகொடுக்க, அதுவரை தொட மறுத்துவந்த துப்பாக்கி ஒன்றின் மரக்கட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டு, முந்நூறு கெஜம் ஊர்ந்தே முதலுதவி நிலையத்தை அடைந்தார்.