வெண்கல உரல் வார்ப்பது: இந்த முறை வந்த கேள்விகள்

கேள்வி: வெள்ளீயத்தைக் கூட்டினால் உரல் கணீரென்று ஒலிக்குமாமே, கூட்டலாமா?

பதில்: அடிக்கிற மணி வார்க்க 20 சதவீதத்துக்கு மேல் போடுவார்கள். கடினம்தான், ஆனால் ஓங்கி இடித்தால் விரிசல் விடும். நீங்கள் இடிக்கப் போகிறீர்களா, மணியடிக்கப் போகிறீர்களா? செம்பு 90, வெள்ளீயம் 10. போதும்.

கேள்வி: பழைய குழாய், வால்வு, புஷ் (தண்டு சுழலும் வளையம்) எல்லாவற்றையும் சேர்த்து உருக்கினேன். வெள்ளைப் புகை வந்தது, இரவு குளிர்காய்ச்சல். உரல் அழகாக வந்திருக்கிறது. சமையலுக்கு எடுக்கலாமா?

பதில்: கூடாது. எத்தனை தடவைதான் எழுதுவது! அந்தப் புகை துத்தநாகம். 900 டிகிரியிலேயே கொதித்துவிடும். நீங்கள் ஊற்றுவதோ 1100க்கு மேல். காய்ச்சல் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடங்கிவிடுவதால்தான் மறுபடியும் அதே வேலையைச் செய்கிறீர்கள். காரீயம் அப்படியில்லை. வால்வு, புஷ் வார்ப்புகளில் கடைசல் சுலபமாக வரட்டும் என்று அதை வேண்டுமென்றே சேர்ப்பார்கள். 5 சதவீதம் சர்வசாதாரணம், சில புஷ்களில் 10, 20கூட உண்டு. அது செம்போடு கலக்காமல் பொட்டுப் பொட்டாக நிற்கும், இடிக்க இடிக்கப் பொடியோடு வரும். ‘நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்’ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். முடியாது. உள்ளே வெள்ளீயம் பூசினாலும் உலக்கை படுகிற இடத்தில் நிற்காது. இன்னது என்று தெரிந்த செம்பையும் வெள்ளீயத்தையும் வாங்கிக் கலந்துகொள்ளுங்கள். இந்த உரலைக் காகிதத்தின் மேல் வையுங்கள், பறக்காது.

கேள்வி: ஊற்றும்போது அச்சு டப்பென்று தெறித்தது. ஏன்?

பதில்: ஈரம். அச்சு மணலைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், ஒடித்தால் சுத்தமாக இரண்டாக வேண்டும்; உள்ளங்கை நனையக் கூடாது. கசடு எடுக்கும் கரண்டி, உலோகத்தை உருக்கும் மூசையில் போடும் துண்டு, எல்லாம் முதலில் உலை வாயில் காய வேண்டும். வெறும் சிமெண்ட் தரைக்கு மேலும் ஊற்றாதீர்கள், அதற்குள்ளும் ஈரம்தான்.

கேள்வி: வார்ப்பு சரியாக வரவில்லை. என்ன காரணம்?

பதில்: உலோகம், சூடு, அளவு எதுவுமே எழுதவில்லை. நான் ஜோசியமா பார்க்கிறேன்?

கேள்வி: அடிப்பக்கம் உள்வாங்கிக் குழி விழுகிறது. வாய் மேலே இருக்கும்படி வார்த்தேன்.

பதில்: வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து வார்க்க வேண்டும். தடித்த அடி கடைசியில் உறையும். அதன் தலைமேல் அதைவிடத் தடிமனான ரைசர் (உருகிய உலோகம் தேங்கி நிற்கும் தண்டு) நின்றால் சுருங்கச் சுருங்க உலோகம் இறங்கும். மணலில் அச்சு எடுக்கும் மாதிரி உரலையும் (பேட்டர்ன்) ஒன்றரை சதவீதம் பெரிதாகச் செய்யுங்கள். குழி அல்ல, உள்ளே வழவழப்பான குட்டி ஓட்டைகள் என்றால் அது வாயு, உருகியதை உலையில் ஊறப்போட்டதன் பலன். அப்புறம், ஈரத்தாலும் இது வரும்.

கேள்வி: லேத்தில் (கடைசல் இயந்திரம்) ட்ரில் பிட் குபுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்கிறது. உரலைப் பிடிக்கிற சக்கிலும் பிடிமானம் இல்லை.

பதில்: பிட்டின் வெட்டும் விளிம்பை எண்ணெய்க்கல்லில் லேசாகத் தட்டையாக்குங்கள், இழுக்காது. ரைசரை அவசரப்பட்டு அறுத்திருப்பீர்கள். அதைத்தான் சக்கில் பிடித்திருக்க வேண்டும். உள்ளும் வெளியும் கடைந்து முடித்த பிறகு அறுப்பது.